நமது தோட்டங்களிலிருந்து உலகுக்குப் போன நரம்பியல் பாடம்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நமது பிள்ளைகள் பலர், நரம்பியல் என்றாலே அது வெளிநாட்டுப் படிப்பு என்று நினைக்கிறார்கள். அந்தத் துறையின் பாடமொன்று நமது மலையகத் தோட்டங்களிலிருந்தே உலகுக்குப் போனது.

1977-78 காலப்பகுதி. தேயிலைத் தோட்டங்களில் 20 பேரளவிலான தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் கைகால்கள் தளர்ந்தன. எல்லோரும் புதிதாக வயதுக்கு வந்தவர்கள். வைத்தியர்கள் நிமால் சேனாநாயக்கவும் ஜெயரட்ணமும் காரணத்தைத் தேடினார்கள். வயதுக்கு வந்த பிள்ளைக்கு நல்லெண்ணெய் குடிக்கக் கொடுப்பது தோட்டத்து வழக்கம். அந்த எண்ணெயில் ட்ரைகிரெசைல் பொஸ்பேட் என்ற இரசாயனம் கலந்திருந்தது. முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றியதால் அது கலந்திருக்கலாம் என்று கண்டார்கள். 1981 ஜனவரியில் 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் இது வெளியானது.

இந்த நஞ்சு குடித்தவுடன் காலை முடக்காது. ஓரிரு வாரம் கழித்தே வேலையைக் காட்டும். நீளமான நரம்புகளின் நுனி முதலில் கெடுவதால் பாதம் முதலில் தளரும். இடையில் நாட்கள் கழிந்துவிடுவதால் எண்ணெயை யாரும் எளிதில் சந்தேகிப்பதில்லை. 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாறு கலந்த மதுவைக் குடித்த பல்லாயிரம் பேரும், 1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரில் கலப்பட எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்ட சுமார் 10,000 பேரும் இதே நஞ்சால்தான் பாதிக்கப்பட்டார்கள்.

சேனாநாயக்க பேராதனை மருத்துவ பீடத்தில் கற்பித்தவர். 1987இல் லக்ஷ்மன் கரல்லியத்தவுடன் சேர்ந்து, பூச்சிநாசினி நஞ்சேறிய 10 பேரைப் பற்றி எழுதினார். முதல் ஆபத்து தாண்டிய பிறகு, ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் அவர்களின் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்தன. பிழைத்துவிட்டார் என்று நினைத்த நோயாளி திடீரென மூச்சு விட முடியாமல் போவது ஏன் என்பது அதில் விளங்கியது. இன்று உலகெங்கும் வைத்தியர்கள் அந்த நாட்களில் நோயாளியை விட்டு விலகாமல் பார்க்கிறார்கள்.

அந்தப் பீடம் 1962இல் தொடங்கியது. கம்பளை வழியாகப் போனால் நமக்கு அது பக்கம்தான். ஒரு லயத்தில் என்ன வழக்கம், எந்த எண்ணெய் எதில் வருகிறது என்பதெல்லாம் அங்கே பிறந்த பிள்ளைக்கே முதலில் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைகள் வைத்தியர்களாக வந்தால் இத்தகைய காரணங்கள் விரைவில் பிடிபடும். அதனால்தான் பெற்றோரிடம் கேட்கிறோம்: உயிரியலில் ஆர்வமுள்ள பிள்ளையை, ஆணோ பெண்ணோ, இடையில் நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று. மரக்கறித் தோட்டத்துக்கு மருந்து வந்த கேனைக் கழுவி, அதில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்க வேண்டாம்.