அழைத்தும் வராத வான்கோழி

2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் பிற்பகுதியில், ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள மார்க் ட்வைன் தேசிய வனத்திலே, ஓர் ஓக் மரத்தின் அடியில் மூன்று நாட்காலைகள் அசையாமல் அமர்ந்திருந்தேன். காலில் உண்ணி ஏறியது. கையை நீட்டித் தட்டவும் அனுமதியில்லை. சென்ட் லூயிஸ் நகரில் வசிக்கும் என் பெறாமகனின் அயலவர், எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர், வான்கோழி வேட்டைக்கு என்னையும் அழைத்துச் சென்றிருந்தார். துவக்கு அவருடையது. எனக்குரிய வேலை சும்மா இருப்பது மட்டுமே.

"சித்தப்பா, சிவப்பு, வெள்ளை, நீலம் ஒன்றும் போட்டுக்கொண்டு போகாதேங்கோ" என்று பெறாமகன் முதல்நாள் இரவே எச்சரித்திருந்தான். வசந்தகாலச் சேவலின் தலை இம்மூன்று நிறங்களிலும் விளங்கும். எல்லோருக்கும் உரிய காடாகையால், எந்த மரத்தின் பின்னால் எவர் பதுங்கியிருப்பார் என்று தெரியாது. என் கைக்குட்டையைக் கோழித்தலையென எண்ணி யாரேனும் சுட்டுவிடக் கூடும்.

வான்கோழி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது மூதுரையிலே மயிலைப் பார்த்து ஆட முயன்ற பறவைதான். அமெரிக்கக் கண்டத்துக்குரிய இப்பறவை ஐரோப்பியர் வழியாகவே நம் பக்கம் வந்தது. 1612இல் கோவாவிலிருந்து முகர்ரப்கான் கொண்டுவந்த ஒன்றைக் கண்டு வியந்த மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், அதை வரையும்படி ஓவியர் மன்சூரைப் பணித்தார். அவ்வாறாயின் மூதுரையின் வான்கோழி எந்தப் பறவை என்ற கேள்வி எழுகின்றது. அது தனியே ஆராயப்படவேண்டிய விடயம். ஓசார்க் மலைக்காட்டில் நான் கண்டது அதற்கு நேர்மாறான காட்சியாகும். அங்கே மனிதன்தான் வான்கோழியைப் பார்த்து நடித்துக்கொண்டிருந்தான். வான்கோழி அதை நம்பவில்லை.

வசந்தகால வேட்டையின் சூத்திரம் எளிது. விடியற்காலையில் மரக்கிளையில் இருந்தபடியே சேவல் கொக்கரிக்கும். வேட்டைக்காரர் பேட்டின் குரலைப் போலி செய்து அதனைத் தம்மிடம் வரவழைக்க வேண்டும். முதியவரிடம் இருந்தது தாமே செய்த ஒரு மரப்பெட்டி. அதன் மூடியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து விளிம்பில் உரசினால் பேடு கூப்பிடுவது போலவே ஒலி எழும். இத்தகைய பெட்டி ஒன்றுக்கு ஆர்கன்சோ மாநிலத்தவரான ஹென்றி கிப்சன் 1897இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் இயற்கையின் ஒழுங்கு வேறு. சேவல் கொக்கரித்தால் பேடுதான் அதனிடம் போகும். வேட்டைக்காரர் கேட்பதோ தலைகீழான மரியாதை. ஆகவே அனுபவப்பட்ட சேவல் அறுபது, எழுபது யார் தொலைவில் நின்று, 'நீயே வா' என்பது போல் பதிலளித்துக்கொண்டேயிருக்கும். துவக்கின் எல்லைக்குள் கால் வைக்காது. மூன்று நாட்களும் எங்களுக்கு நேர்ந்தது அதுவே. அந்தக் காட்டுச் சேவல்கள் பருவம் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ பெட்டிகளின் உரசலைக் கேட்டுவிட்டன என்றார் முதியவர். அதிலே அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த ஒத்துழையாமைக்கு ஒரு வரலாறு உண்டு. ஐரோப்பியக் குடியேற்றத்தின் தொடக்கத்தில் கிழக்கு வனங்களெங்கும் மலிந்திருந்த பறவை இது. காடழிப்பும், சந்தைக்காகச் சுட்டு விற்ற வேட்டையும் அதனைத் துடைத்தெடுத்தன. மசசூசெற்ஸ் மாநிலத்தின் கடைசிக் காட்டு வான்கோழி 1851இல் கொல்லப்பட்டது. ஓசார்க்கிலே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் மர ஆலைகள் பைன் காடுகளை மொட்டையடித்துவிட்டு வெளியேறின. எஞ்சிய நிலத்தை எரித்து மேய்ச்சலுக்கு விட்டனர். கோழிகளில் எஞ்சியவை மனிதன் எளிதில் எட்டாத மேடுகளிலும் சதுப்புகளிலும் ஒதுங்கிய சிலவே.

அரசாங்கங்கள் முதலில் கண்ட பரிகாரம் சுலபமானது. கூடுகளில் வான்கோழிகளை வளர்த்து ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டார்கள். மனிதனைக் கண்டால் ஓடாத, தீனி கிடைக்கும் இடத்தைத் தேடிவரும், மிக ஒத்துழைக்கும் பறவைகள் அவை. நரிக்கும் ஆந்தைக்கும் கூட அவை ஒத்துழைத்தன! பல தசாப்தங்கள் பணத்தைக் கொட்டியும் காட்டிலே அவை நிலைக்கவில்லை.

ஏன் நிலைக்கவில்லை என்பதை ஆராய்ந்தவர் ஸ்டார்க்கர் லியோபோல்ட். சூழலியல் எழுத்தாளர் ஆல்டோ லியோபோல்டின் மகன். மிசூரியில் காட்டுக் கோழிகளையும் வளர்ப்புக் கலப்புக் கோழிகளையும் ஒப்பிட்டு 1944இல் அவர் வெளியிட்ட ஆய்வு, காட்டுத்தன்மை என்பது பழக்கத்தால் மட்டும் வருவதன்று, பரம்பரையாகக் கடத்தப்படுவது என்று நிறுவியது. காட்டுப் பறவையின் மூளையும் சில சுரப்பிகளும் ஒப்பளவில் பெரியவை. தாய் எச்சரித்ததும் அதன் குஞ்சு அசையாமல் பதுங்கும். கலப்புப் பறவையில் இவை மங்கிப்போயிருந்தன. வளர்த்தெடுத்து விடுவதனால் அவர்கள் பறவையைப் பெருக்கவில்லை, பறவையைப் பறவையாக்கிய குணத்தையே நீர்க்கச் செய்துகொண்டிருந்தனர்.

ஆகவே காட்டுக் கோழியையே பிடித்து வேறிடத்தில் விடவேண்டும். ஆனால் பிடிபடாமையால் பிழைத்ததைப் பிடிப்பது எப்படி? 1951இல் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மரியன் தேசிய வனத்திலே, நீர்ப்பறவைகளுக்கென உருவான பீரங்கி வலையை வான்கோழிக்குப் பயன்படுத்தினார்கள். தீனி தூவிய இடத்தின் ஓரத்தில் வலையை மடித்து மறைத்து, கோழிகள் கூடியதும் வெடிமருந்தின் விசையால் அவற்றின் மேல் வீசுவது அதன் முறை. மிசூரி 1954இல் தன் கோழிகளைப் பிடித்து இடம்மாற்றத் தொடங்கியது. 1960இல் மூன்றே நாட்களுக்கு வேட்டை அனுமதிக்கப்பட்டது, கிடைத்தவை 94. பிற்பாடு மிசூரி தன் கோழிகளை அயல் மாநிலங்களுக்கும் வழங்கியது. கென்டக்கி மாநிலம் பதிலுக்கு நீர்நாய்களைக் கொடுத்தது. அரசாங்கங்கள் இவ்விதம் பண்டமாற்றுச் செய்வதைப் படிக்கையில் ஏனோ மகிழ்ச்சி உண்டாகின்றது.

இதற்கான பணம் பெரும்பாலும் வேட்டைக்காரரிடமிருந்தே வந்தது. செனட்டர் பிட்மனும் பிரதிநிதி ராபர்ட்சனும் கொண்டுவந்து 1937இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட சட்டம், துவக்கு, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை மாநில வனவிலங்குத் திணைக்களங்களுக்குத் திருப்பிவிட்டது. வேட்டை அனுமதிக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு அப்பணம் இல்லை என்பது நிபந்தனை. கொல்வதற்கு வாங்கும் தோட்டாவே காப்பதற்கும் நிதி தருகின்றது என்பதை என் மனம் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. எனினும் கணக்கு பிழையில்லை.

நிலத்தின் கதைதான் எனக்கு அதிகம் உறுத்தியது. மரம் வெட்டித் தரிசாகிய காணிகளை மத்திய அரசு விலைக்கு வாங்குவதற்கு 1911இன் வீக்ஸ் சட்டம் வழிசெய்தது. அப்படி வாங்கிய தரிசுகளிலிருந்து 1939இல் உருவானதே மார்க் ட்வைன் வனம். ஏறத்தாழ 15 இலட்சம் ஏக்கர். ஒரு பரம்பரை காத்திருந்ததும் ஓக் மரங்கள் எழுந்தன, கோழிக்கு விதை கிடைத்தது. காணி ஒரு முழமும் சொந்தமில்லாத தச்சரும் அங்கே துவக்குடன் நுழையலாம். நமது நாட்டிலே 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்துக்குப் பின் அரச காணி என்றால் 'உன்னுடையதன்று' என்பதே பொருளாகியது. அங்கே 'உன்னுடையதும்' என்று பொருள். ஆனால் இதையும் சொல்லாமல் விட முடியாது: அந்த மண் ஓசேஜ் மக்களுடையது. 1808ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே மிசூரியின் பெரும்பகுதி அவர்களிடமிருந்து போய்விட்டது. 'எல்லோரும்' என்ற சொல்லுக்குள் அவர்கள் அப்போது இருக்கவில்லை.

மிசூரியில் 2004இன் வசந்த வேட்டையில் 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட கோழிகள் வீழ்ந்தன. அதன் பின் தொகை இறங்கியது. குஞ்சுகள் போதிய அளவில் பிழைப்பதில்லை என்பது கவலை. 2024 முதல் தனியார் காணியில் அந்திவரை வேட்டையாடலாம், பொதுக்காணியில் பிற்பகல் ஒரு மணியோடு நிறுத்த வேண்டும். இதற்கிடையில் 1970களில் நியூயோர்க்கிலிருந்து 37 கோழிகளைக் கொண்டுவந்து விட்ட மசசூசெற்ஸில், அவற்றின் சந்ததி பொஸ்ரன் புறநகர் வீதிகளில் பாதசாரிகளைத் துரத்துகின்றது.

நாங்கள் போன ஆண்டில் எல்லாக் காணிக்கும் ஒரு மணியே எல்லை. மூன்றாம் நாள் நேரம் வந்ததும் முதியவர் தோட்டாக்களைக் கழற்றினார். திரும்பும் வழியில் வனத்தின் எல்லையை ஒட்டிய ஒரு பண்ணை. அதன் ஓரத்து மரங்களில் ஊதாநிறப் பூச்சு. அத்துமீறாதே என்பதற்கு அம்மாநிலச் சட்டம் ஏற்ற அடையாளம் அது. அதற்கு அப்பால், வெட்டவெளிப் புல்லிலே, வாலை விசிறியாக விரித்தபடி ஒரு சேவல். முதியவர் வாகனத்தை நிறுத்தி, மரப்பெட்டியை எடுத்து யன்னலூடாக ஒருமுறை உரசினார். சேவல் உடனே கொக்கரித்தது. இரண்டடி எங்களை நோக்கியும் வந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்து, பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு வாகனத்தை எடுத்தார்.