ஆல்வராடோ மதிப்பெண்

குடல்வால் அழற்சி என்ற ஐயம் எழும்போது அறுவை சிகிச்சை தேவையா எனக் கணிக்க உதவும் 10 புள்ளி அளவுகோல். ஆல்ஃபிரடோ ஆல்வராடோ 1986இல் வெளியிட்டார். தொப்புளருகே தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு நகர்தல், பசியின்மை, குமட்டல் அல்லது வாந்தி, அழுத்திய கையை எடுத்ததும் சுரீரென வலித்தல், காய்ச்சல், நியூட்ரோஃபில் மிகுதி ஆகியவற்றுக்குத் தலா 1. வலது அடிவயிற்றைத் தொட்டால் வலித்தல், இரத்த வெள்ளையணு உயர்வு இரண்டுக்கும் தலா 2.

7 அல்லது அதற்கு மேல் என்றால் அறுவைக்கு ஆயத்தம். 5, 6 என்றால் கண்காணிப்பு என்பது மூல விதி. இந்த இடைப்பட்டவர்களுக்குத்தான் இன்று ஸ்கேன் பெரிதும் கைகொடுக்கிறது. பெண்களுக்குச் சூலகக் கோளாறும் இதே வலியைத் தரும் என்பதால் மதிப்பெண் மிகையாகிவிடுவதுண்டு. நோய் இல்லையென விலக்குவதில்தான் இதன் வலிமை. உண்டென உறுதிசெய்ய இது மட்டும் போதாது.