வெயில் இல்லாத ஊரில் ஒரு சோபா

போன ஜூலையில் எங்கள் கிளை சோபாவில் காபியைக் கொட்டியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தக் கறைக்காக வேறொருவரின் சம்பளத்தில் கை வைக்கப் பார்த்தார்கள்.

போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. (2024 செப்டம்பரிலேயே ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றி அறிவித்துவிட்டார்கள். நாக்குதான் இன்னும் பழகவில்லை.) இங்கே வருடத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருக்கும். துவைத்த சட்டை காய்ந்ததா இல்லையா என்பது இங்கே ஒரு தத்துவப் பிரச்சினை :-)

சரி, சோபாவுக்கு வருகிறேன். காபி கொட்டியதும் பதறிப்போய், கிளையைச் சுத்தம் செய்யும் அக்காவைக் கூப்பிட்டேன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் இங்கே வந்த குடும்பம். "நல்லா சோப்புத்தூள் போட்டு, ஒரு பக்கெட் தண்ணி ஊத்தித் தேச்சிடுங்கக்கா" என்றேன். அப்படியே செய்தார். கறை போனது. மூன்றாம் நாள் வாடை வந்தது. ஐந்தாம் நாள் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. கறை வேறு, போன இடத்திலிருந்து மெதுவாகத் திரும்பி வந்திருந்தது. வாடிக்கையாளர்கள் சோபாவை விட்டுவிட்டு பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறிவிட்டார்கள்.

அக்காவை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர் வந்து பார்த்தார். "சோபாவைக் கெடுத்தது அந்தம்மா, இந்த மாசம் பிடிச்சுக்கறேன் சார்" என்றார், எனக்கு ஏதோ உதவி செய்கிற மாதிரி. கொட்டியது நான், தண்ணீர் ஊற்றச் சொன்னதும் நான் என்றேன். அவர் நம்பவில்லை. அதிகாரி பெருந்தன்மையாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார். அக்கா மட்டும், "விடுங்க சார், தெரிஞ்சா செஞ்சோம்" என்றார்.

எங்கே தப்பு நடந்தது என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது. பி.காம். படித்தவனுக்குக் கம்பளமும் சோபாவும் தேய்மானக் கணக்கில் வரும் சொத்துகள், அவ்வளவுதான். பிறகு தேடிப் படித்ததில் கிடைத்த கதை இது.

வெள்ளாவி

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் தெருவுக்கு அழுக்குத் துணி எடுக்க ஒரு பெரியவர் வருவார். உவர்மண் கரைத்த நீரில் துணியை முக்கி, வெள்ளாவியில் அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவியில் வேகவைப்பார். காலையில் ஆற்றங்கரைக் கல்லில் அடித்து அலசி, மணலில் விரித்துவிடுவார். சின்ன வயதில் அதை வேடிக்கை பார்த்திருக்கிறேனே தவிர, அதற்குள் ஒரு விஞ்ஞானம் இருப்பதாகத் தோன்றியதில்லை.

1959-இல் ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் சின்னர் என்பவர், எதைச் சுத்தம் செய்வதற்கும் நான்கு விஷயங்கள் வேண்டும் என்று ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்: வெப்பம், ரசாயனம், தேய்ப்பு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும். சுத்திகரிப்புத் தொழிலில் இன்றைக்கும் இதுதான் பாலபாடம். பெரியவரின் வெள்ளாவியில் நான்குமே இருக்கின்றன. ஆவி வெப்பம், உவர்மண் ரசாயனம், கல் தேய்ப்பு, ராத்திரி நேரம்.

ஆனால் பெரியவரிடம் ஐந்தாவதாக ஒன்றும் இருந்தது: வெயில். உள்ளே போன தண்ணீரை வெளியே எடுத்தது அதுதான். நானும் அக்காவும் சோபாவில் நான்கையும் செய்தோம். ஐந்தாவதுக்கு ஆளில்லை.

ஊதுவதா, உறிஞ்சுவதா?

கம்பளத்தைப் பல நூற்றாண்டுகளாக வெளியே தூக்கிக்கொண்டு போய்க் கொடியில் போட்டு அடித்தார்கள். அடித்தவர் நுரையீரலுக்குள் பாதித் தூசி, மீதி பக்கத்து வீட்டுக்கு. 1876-இல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் பீங்கான் கடை வைத்திருந்த மெல்வில் பிஸ்ஸல், உருளைத் தூரிகை வைத்த தள்ளுவண்டி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். 1889-இல் அவர் இறந்தபின் கம்பெனியை நடத்தியது அவர் மனைவி அன்னா.

பெரிய திருப்பம் 1901-இல் லண்டனில். காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் ஓர் இயந்திரத்தைச் செய்து காட்டினார்கள். கிளம்பிய தூசி வேறிடத்தில் போய்ப் படிந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஹ்யூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், ஏன் உறிஞ்சக்கூடாது என்று கேட்டார். விக்டோரியா தெருவில் ஓர் உணவகத்தில் நாற்காலியின் மெத்தை முதுகில் வாயை வைத்து உறிஞ்சியும் பார்த்தார். மூச்சு முட்டியதாம். ஆக, பூத் முதலில் உறிஞ்சிய தூசியும் ஒரு நாற்காலி மெத்தையிலிருந்துதான்!

அந்த வருடமே காப்புரிமை வாங்கினார். இயந்திரம் ஒரு குதிரை வண்டி அளவு. தெருவில் நிறுத்திவிட்டு, நீளமான குழாய்களை ஜன்னல் வழியே வீட்டுக்குள் விடுவார்கள். குழாயின் ஒரு பகுதியில் கண்ணாடி. சீமாட்டிகள் தோழிகளைத் தேநீருக்கு அழைத்து, தங்கள் வீட்டு அழுக்கு அதில் ஓடுவதைக் காட்டினார்களாம். 1902-இல் ஏழாம் எட்வர்டு முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளத்தை இந்த இயந்திரம் சுத்தம் செய்தது. பிறகு பக்கிங்ஹாம் அரண்மனைக்கு ஒன்று, வின்சர் கோட்டைக்கு ஒன்று என்று இரண்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் இதை வீட்டுக்குள் வரும் அளவுக்குச் சுருக்கியவர் பொறியாளர் அல்ல. ஒஹையோவின் கான்டன் நகரில் ஒரு கடையைக் கூட்டிப் பெருக்கும் வேலை செய்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்க்லர். ஆஸ்துமாக்காரர். கம்பளத் தூசியில் இருமி இருமி, ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு துடைப்பக் கைப்பிடி, ஒரு தலையணை உறை இவற்றை வைத்து ஒன்றைச் செய்தார். 1908-இல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கிக்கொண்ட ஹூவர் குடும்பத்தின் பெயர்தான் உலகம் முழுக்கப் பரவியது. ஸ்பாங்க்லரை எத்தனை பேருக்குத் தெரியும்?

சிறையில் நெய்தவர்கள்

வின்சர் கோட்டை என்றதும் இன்னொரு விஷயம். அங்கே வாட்டர்லூ சேம்பர் என்ற மண்டபத்தில் விரித்திருக்கும் கம்பளம், விக்டோரியா ராணியின் பொன்விழாவுக்காக ஆக்ரா சிறைக் கைதிகள் நெய்தது. தையல் இல்லாமல் ஒரே துண்டாக நெய்த கம்பளங்களில் உலகிலேயே இதுதான் பெரியது என்கிறார்கள். 1992-இல் கோட்டையில் தீப்பிடித்தபோது அதைச் சுருட்டி வெளியே கொண்டுவர ஐம்பது சிப்பாய்கள் தேவைப்பட்டார்கள். அந்தக் காலத்தில் லாகூர், எரவாடா என்று பல சிறைகளில் கம்பளம்தான் தொழில்.

எங்கள் ஊர் செல்லுலார் சிறையில் கம்பளம் இல்லை, கயிறு. 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த சிறை. ஏழு சிறகுகளில் மூன்றுதான் இன்று மிச்சம். கைதிகள் தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்க வேண்டும், கயிறு திரிக்க வேண்டும், செக்கில் மாட்டுக்குப் பதில் தாங்களே சுற்றி எண்ணெய் ஆட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் என்று அளவு. குறைந்தால் தண்டனை. அங்கே மாதிரிக்கு வைத்திருக்கும் செக்கைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தென்னை நார் தண்ணீரில் ஊறவைத்தே எடுப்பது. ஈரத்துக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது. இந்த ஊருக்குப் பொருத்தமான விரிப்பு கயிற்றுப் பாய்தான். நாமோ ஈர ஊரில் பஞ்சு மெத்தை சோபாவைப் போட்டுவிட்டு, அதைச் சுத்தம் செய்பவரிடம் கோபித்துக்கொள்கிறோம்.

பெட்டிக்குள் ஒரு வெள்ளாவி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் நைலான் கம்பளம் மலிந்தது. சுவருக்குச் சுவர் ஒட்டிப் பதித்துவிட்டார்கள். அதைத் தூக்கிக் கொடியில் போட முடியாது. எனவே வெந்நீரும் மருந்தும் பீய்ச்சி, அந்த இடத்திலேயே உறிஞ்சி எடுக்கும் முறை 1970-களில் பரவியது. முதலில் பெரிய வண்டிகள், பிறகு கையில் தூக்கும் பெட்டிகள். அதற்குப் பெயர் ஸ்பாட் எக்ஸ்ட்ராக்டர்.

எனக்குத் தெரிந்த ஓட்டல்காரர் ஒருவர் கேட்டதும் அனுப்பிவைத்தது அதைத்தான். கூடவே ஒரு பையன். பெட்டிக்குள் இரண்டு தொட்டி: ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் அழுக்குத் தண்ணீர். ஒரு பம்பு, ஒரு உறிஞ்சும் மோட்டார், ஒரு குழாய், நாலு விரல் அகலத்தில் கைப்பிடி. பையன் முதலில் காய்ந்த தூசியை எடுத்தான். சோபாவின் அடிப்பக்கம் மறைவான இடத்தில் வெள்ளைத் துணியால் ஒற்றி, சாயம் போகிறதா என்று பார்த்தான். மருந்தைத் தெளித்துச் சற்று ஊறவிட்டான். பிறகு ஒருமுறை பீய்ச்சினால் மூன்று முறை வெறுமனே உறிஞ்சினான்.

"எதுக்குப்பா மூணு தடவை?" என்றேன்.

"தண்ணி உள்ள நின்னா, காயும்போது அடியில இருக்கற கறையை மேல இழுத்துட்டு வந்துடும் சார். சோப்பு தங்குனா அது வேற அழுக்கைப் பிடிக்கும்" என்றான்.

அட! இது எங்கள் பாடம் ஆயிற்றே. உள்ளே போனது பற்று, வெளியே வந்தது வரவு. இரண்டும் டாலி ஆகாவிட்டால், மிச்சம் எங்கேயோ நின்று நாற்றமெடுக்கும். அந்தச் சின்ன மோட்டார் செய்வது வேறொன்றுமில்லை, எங்கள் பெரியவரின் வெயில் செய்த வேலையைத்தான்.

கைப்பிடியின் முகப்பு கண்ணாடி போல இருந்தது. அதில் காபி நிறத்தில் தண்ணீர் ஓடியது. பூத் காலத்துச் சீமாட்டிகளைப் போல நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். தொட்டியைக் கொட்டியபோது ஒப்பந்தக்காரரும் இருந்தார். என் ஒரு டம்ளர் காபி அவ்வளவு கறுப்பாக இருக்க நியாயமில்லை. பல வருடத்து அழுக்கு. அதை உள்ளே விட்டுவைத்தது யார் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. சம்பளப் பேச்சு அதோடு நின்றது. (சோபா முழுக்கப் பிழைக்கவில்லை. பூஞ்சை பிடித்த ஒரு மெத்தையை மாற்ற வேண்டியிருந்தது. அந்தச் செலவை நானே கொடுத்தேன்.)

கிளம்புவதற்கு முன் பையன் கைப்பிடியை என்னிடம் நீட்டினான். நான் அக்காவிடம் நீட்டினேன். அவர் ஒருமுறை பீய்ச்சி, மூன்று முறை உறிஞ்சினார். பிறகு யாரும் சொல்லாமலே நான்காவது முறையும் உறிஞ்சினார். "இந்த ஊருக்கு மூணு பத்தாது சார்" என்றார்.

ஸ்பாங்க்லரும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பார் என்று நினைக்கிறேன். ஒரு இயந்திரம் வாங்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். எந்தச் செலவுத் தலைப்பில் காட்டுவது என்று கேள்வி வந்திருக்கிறது. பதில் எழுத வேண்டும்.