கூவம்

சென்னைக்காரர்களுக்குக் கூவம் ஆறு என்றால் மூக்கைப் பொத்த வேண்டும். அகராதியைப் புரட்டினால் கூவம் என்ற சொல்லுக்குக் கிணறு என்று பொருள். வடமொழிக் ‘கூபம்’ தமிழில் இப்படி ஆனது என்று சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி காட்டும். ‘கூவல்’ என்ற வடிவமும் பழையது. ஐங்குறுநூற்றில் கபிலரின் தலைவி, தன் கணவன் நாட்டில் தழை மூடிய கூவலுக்கு அடியில் மான் குடித்து மிச்சம் வைத்த கலங்கல் நீர், தேன் கலந்த பாலைவிட இனிது என்கிறாள். கிணறு வெட்ட நீரோட்டம் பார்க்கும் கலைக்குக் கூவநூல் என்றே பெயர்.

ஆனால் கிணற்றின் பெயர் நேராக ஆற்றுக்கு வந்துவிடவில்லை. நடுவில் ஓர் ஊர் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துக் கூவம் கிராமம்தான் ஆற்றுக்குப் பெயர் கொடுத்தது. சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் என்ற சிவத்தலம் அதுவே. சிவன் திரிபுரம் எரிக்கப் போனபோது தேரின் கூபரம் என்ற பாகம் அங்கே முறிந்ததால் ஊருக்கு அந்தப் பெயர் என்பது தலபுராணக் கதை. கதை அழகுதான். ஏரியும் கிணறுமாக வாழ்ந்த தொண்டை நாட்டில் எனக்குக் கிணற்றுப் பொருளே பொருத்தமாகப் படுகிறது.

ஆங்கிலேயர் கூவம் ஆற்றைத் திருவல்லிக்கேணி ஆறு என்றும் எழுதினார்கள். கேணி என்றாலும் நீர்நிலைதான். நேப்பியர் பாலத்தருகே கடலில் விழும் இதே ஆறு, கூவம் கிராமத்துப் பக்கம் இன்றும் சாக்கடை கலக்காத மணல் ஆறுதான்.