மோசேயின் சட்டமும் புதிய இங்கிலாந்தின் வழக்குமன்றங்களும்

எபிரேய மொழியில் 'தோரா' என்னும் சொல்லின் அடிப்படைப் பொருள் கற்பித்தல், நெறிகாட்டல் என்பதாகும். கிரேக்கத்தில் அதனைப் பெயர்த்தோர் 'நோமோஸ்' என்றனர். இலத்தீனில் அது 'லெக்ஸ்' ஆயிற்று. தமிழ் விவிலியத்தின் பழைய பதிப்புகளில் 'நியாயப்பிரமாணம்' என்றும், 1995ஆம் ஆண்டில் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'திருச்சட்டம்' என்றும் வழங்குகின்றது. ஆசான் மாணாக்கனுக்குச் சொல்லும் அறிவுரையை உணர்த்திய சொல், மொழி மாறமாற, மன்றத்தில் எடுத்துக்காட்டத்தக்க சட்டமாக இறுகிவிட்டது. இதனை மொழிபெயர்ப்பாளரின் பிழையென்று தள்ளிவிடுதல் இயலாது. திருட்டுக்கும் கொலைக்கும் தண்டம் வகுக்கும் பகுதிகள் தோராவுக்குள்ளேயே உள்ளன.

அப்பகுதிகளை ஒரு நாட்டின் குடிமைச் சட்டத்திற்கு அடிப்படையாக்கலாமா என்னும் வினா மிகப் பழையது. 1973இல் அமெரிக்கரான ரஷ்டூனி விவிலியச் சட்டத்தைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டபின் அது மீண்டும் உயிர்பெற்றது. ஆம், இல்லை என்று கொள்கையளவில் விடைகூறுவதைக் காட்டிலும், அதனை மெய்யாகவே செய்துபார்த்த ஒரு சமுதாயத்தை ஆராய்வதே வரலாற்று மாணவர்க்குப் பயன்தரும். பதினேழாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் புதிய இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய பியூரிட்டன் மக்களே அச்சமுதாயத்தார்.

அவர்கள் தம் ஆசானாகப் போற்றிய ஜான் கால்வின் இதனை வற்புறுத்தவில்லை என்பதை முதலிலேயே குறித்துக்கொள்வோம். மோசேயின் சட்டத்தை ஒழுக்கம், சடங்கு, நீதிமன்றம் என மூன்றாகப் பகுக்கும் மரபை ஏற்ற அவர், மூன்றாவது வகை பண்டைய இசுரவேலுக்கே உரியதென்றும், பிற நாடுகள் நடுநிலை பிறழாமல் தமக்கேற்ற சட்டங்களை இயற்றிக்கொள்ளலாம் என்றும் எழுதினார். மாணாக்கர் ஆசானை விஞ்ச முற்பட்ட கதையே பின்னர் நடந்தது.

மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் எழுதப்பட்ட சட்டத்தொகுப்பு வேண்டுமென மக்கள் கேட்டபோது, பாஸ்டன் நகரின் சமயகுரு ஜான் காட்டன் 1636இல் ஒரு வரைவைத் தந்தார். 'மோசேயின் நீதிச் சட்டங்கள்' என்ற பெயரால் அது அறியப்படுகின்றது. பொதுமன்றம் அதனை ஏற்கவில்லை. மாறாக, முன்னர் வழக்கறிஞராகவும் பின்னர் சமயகுருவாகவும் விளங்கிய நாதானியேல் வார்டு தொகுத்த 'உரிமைகளின் தொகுப்பு' 1641இல் ஏற்கப்பட்டது. அதில் கொலைத்தண்டத்திற்குரிய குற்றங்கள் 12. அவற்றிற்கு ஆதாரமாக விவிலியத்தின் அதிகார எண்களும் வசன எண்களும் தரப்பட்டிருந்தன.

இதனைக் கேட்டவுடன் கொடுங்கோன்மை என்று முடிவுகட்டிவிடுதல் நேர்மையாகாது. அக்காலத்து இங்கிலாந்தில் 12 பென்சுக்கு மேற்பட்ட பொருளைத் திருடியவனுக்குத் தூக்குத்தண்டனை உண்டு. மோசேயின் நூலிலோ பொருட்களவுக்கு உயிர்த்தண்டம் இல்லை. திருடியதை இருமடங்காகவும், ஆட்டுக்கு நான்கு, மாட்டுக்கு ஐந்து என்னும் அளவிலும் ஈடுகட்ட வேண்டும். மாசசூசெட்ஸின் 12 குற்றங்களுள் பொருட்களவு இடம்பெறவில்லை. கசையடி 40க்கு மேற்படலாகாது என்னும் வரம்பும் உபாகமத்திலிருந்தே வந்தது. ஏழைத் திருடனின் கண்கொண்டு பார்த்தால், இலண்டனின் நீதிபதியைவிட மோசே இரக்கமுடையவர்.

ஆயினும் அதே நூல் பிறன்மனை விழைவுக்குக் கொலைத்தண்டம் விதித்தது. 1644இல் மேரி லேதம் என்னும் இளம்பெண்ணும் ஜேம்ஸ் பிரிட்டனும் அக்குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டனர். பெற்றோர்க்கு அடங்காத 16 வயதுக்கு மேற்பட்ட மகனைக் கொல்லலாம் என்று 1646இல் இயற்றிய சட்டமும் ஏட்டில் இருந்தது. அதன்படி எவரும் கொல்லப்படவில்லை. ஒன்று நடைமுறைக்கு வந்ததும் மற்றொன்று ஏட்டோடு நின்றதும் எதனால்? இரண்டுமே மறைநூலில் உள்ளவைதாம். தெரிந்தெடுத்தவர்கள் மனிதர்கள்.

நூல் பேசாத இடமும் உண்டு. 1641ஐ ஒட்டிச் சிறுமியர்க்கு இழைக்கப்பட்ட ஒரு கொடுமை வெளிப்பட்டபோது, அதற்கு நேரான பிரிவை மோசேயின் சட்டத்தில் காணாமல் நடுவர்கள் திகைத்தனர். அண்டைக் குடியேற்றங்களின் சமயகுருக்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டனர். விடைகள் ஒத்துவரவில்லை. இறுதியில் 1642இல் தாமே புதுச்சட்டம் இயற்றினர்.

இனி, நம் துறைக்கு நெருக்கமான ஒரு சொல்லுக்கு வருவோம். அச்சொல் 'சாட்சி'. இரண்டு அல்லது மூன்று சாட்சிகளின் வாக்காலன்றி ஒருவனையும் கொல்லலாகாது என்பது உபாகமத்தின் விதி. குற்றஞ்சாட்டப்பட்டவனைக் காக்கும் விதி அது. 1641ஆம் ஆண்டுத் தொகுப்பும் இதனை ஏற்றது. ஆனால் 'அல்லது அதற்கு ஈடானது' என ஒரு தொடரையும் கூட்டிக்கொண்டது. சட்டம் படித்த மாணவர்கள் அத்தொடரின் விரிவை உடனே உணர்வர்.

அண்டையிலிருந்த நியூ ஹேவன் குடியேற்றம் இன்னும் தீவிரமானது. 1639 ஜூன் 4 அன்று கூடிய குடியேறிகள், சபைக்கு மட்டுமன்றி அரசுக்கும் மறைநூலே விதியென ஒப்பினர். மோசேயின் நூலில் ஜூரி முறை காணப்படவில்லை என்பதால் அங்கு ஜூரி கிடையாது. 1642இல் ஜார்ஜ் ஸ்பென்சர் என்னும் ஒற்றைக்கண் பணியாள், விலங்கொன்றோடு கூடிய குற்றத்திற்காக நிறுத்தப்பட்டான். கண் ஊனத்தோடு இறந்து பிறந்த பன்றிக்குட்டி ஒன்று அவன் சாயலில் இருப்பதாகக் கருதப்பட்டதே வழக்கின் தொடக்கம். அச்சத்தால் குற்றத்தை ஒப்பினான்; பின்னர் மறுத்தான். மறுக்கப்பட்ட அவ்வாக்குமூலம் ஒரு சாட்சியாகவும் பன்றிக்குட்டி மற்றொரு சாட்சியாகவும் எண்ணப்பட்டன. அவன் தூக்கிலிடப்பட்டான். ஓர் உயிரைக் காக்க எழுந்த சொல், அதன் எழுத்து மாறாமலே, அவ்வுயிரைப் போக்கிற்று. பொருளைத் தீர்மானித்தவர்கள் நடுவர்கள். அவர்களைத் தடுக்க ஜூரியும் இல்லை.

இவ்விடத்தில் பலரும் 1692ஆம் ஆண்டின் சேலம் சூனிய வழக்குகளை எடுத்துக்காட்டுவர். அவ்வெடுத்துக்காட்டு முற்றும் பொருந்தாது. மாசசூசெட்ஸின் பழைய பட்டயம் 1684இலேயே நீக்கப்பட்டுவிட்டது. சேலத்தில் 19 பேரைத் தூக்கிலிட்டபோது நடைமுறையிலிருந்தது 1604ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம். கொடுமைக்கு மறைநூல்தான் வேண்டும் என்பதில்லை. நாடாளுமன்றச் சட்டமும் போதும்.

புதிய இங்கிலாந்துக்குள்ளிருந்தே இம்முறையை எதிர்த்தவர் ரோஜர் வில்லியம்ஸ். பத்துக் கட்டளைகளுள் கடவுளை நோக்கிய முதற்பகுதியை மீறுவோரைத் தண்டிக்க நடுவர்க்கு அதிகாரமில்லை என்றதும், பழங்குடியினரிடம் விலைக்கு வாங்காத நிலத்தை அரசர் பட்டயத்தால் வழங்க முடியாது என்றதும் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்கள். 1635இல் அவருக்கு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. மறு ஆண்டில் பிராவிடன்ஸ் என்னும் குடியிருப்பை நிறுவினார். மொழியியலார் அவரை வேறொரு காரணத்திற்காகவும் அறிவர். நாராகன்செட் மக்களின் மொழியைப் பற்றி அவர் கடற்பயணத்தின்போது எழுதி 1643இல் இலண்டனில் அச்சிட்ட நூல், அமெரிக்கப் பழங்குடி மொழிகள் குறித்து ஆங்கிலத்தில் எழுந்த தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று.

1644 முதல் அவருக்கும் காட்டனுக்கும் நடந்த நூற்போர், ஓர் உவமையின் ஒரு சொல்லைச் சுற்றியே பெரிதும் சுழன்றது. மத்தேயு நற்செய்தியில், வயலில் கோதுமையோடு களையும் முளைக்கின்றது. அறுவடைவரை இரண்டையும் வளரவிடுமாறு உரியவன் கூறுகின்றான். வயல் என்பது உலகம் என்று இயேசுவே விளக்குகின்றார். காட்டனோ, அங்கே 'உலகம்' என்பது திருச்சபையைக் குறிக்கும் என்றார். நம் இலக்கணத்தார் மொழியில் சொன்னால், அதனை ஆகுபெயராகக் கொண்டார். களை என்பதும் வேடதாரிகளையே குறிக்கும், வெளிப்படையாகத் தவறு போதிப்போரை அன்று என்பது அவர் வாதம். வில்லியம்ஸ் ஆகுபெயரை ஏற்க மறுத்தார். உலகம் உலகமே, எனவே மாற்றுச் சமயத்தாரை அரசு பிடுங்கியெறியலாகாது என்றார். ஓர் ஆகுபெயரைக் கொள்வதா தள்ளுவதா என்பதில் மனிதர்களின் உயிர் தொங்கிநின்றது. இலக்கணப் பாடம் எதற்கு என்று கேட்கும் மாணவர்க்கு இதைவிட நல்ல மறுமொழி நமக்குத் தெரியவில்லை.

அரசே வேண்டாம் என்றவர் அல்லர் வில்லியம்ஸ். 1655இல் பிராவிடன்ஸ் மக்களுக்கு எழுதிய மடலில் அரசை ஒரு கப்பலுக்கு ஒப்பிட்டார். அதில் கத்தோலிக்கர், புரோட்டஸ்டண்டுகள், யூதர், துருக்கியர் எல்லாரும் பயணம் செய்கின்றனர். எவரையும் கப்பலின் தொழுகைக்கு வருமாறு வற்புறுத்தக்கூடாது; தத்தம் தொழுகையினின்று தடுக்கவும் கூடாது. ஆனால் கப்பல் செல்லும் திசையை ஆணையிடுபவர் தலைவரே. அமைதியைக் குலைப்போரைத் தண்டிக்கும் உரிமையும் அவருக்குண்டு. துறைமுக நகரங்களில் வளர்ந்த நம் மாணவர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை.

சோதனை விரைவில் வந்தது. குவேக்கர் என்னும் புதிய சமயப் பிரிவினரை விரட்டுமாறு அண்டைக் குடியேற்றங்கள் 1657இல் ரோட் ஐலண்டை வற்புறுத்தின. வில்லியம்ஸ் குவேக்கர் கொள்கையைச் சற்றும் விரும்பாதவர். பிற்காலத்தில் அதனைத் தாக்கி நூலே எழுதினார். எனினும், சமயக் கருத்தை வாயாற் சொல்வதற்காகத் தண்டிக்கத் தங்களிடம் சட்டமில்லை என்றே ரோட் ஐலண்டார் விடையிறுத்தனர். தடையில்லாத இடத்துக்கு வர குவேக்கர்களே அவ்வளவாக விரும்புவதில்லை என்றும் சற்றுக் குறும்போடு சேர்த்தனர். மாசசூசெட்ஸ் 1659க்கும் 1661க்கும் இடையில் நான்கு குவேக்கர்களைத் தூக்கிலிட்டது. அவர்களுள் ஒருவர், ரோட் ஐலண்டில் பாதுகாப்பாக வாழ்ந்திருந்தும், விலக்கை மீறிப் பாஸ்டனுக்குத் திரும்பிச் சென்ற மேரி டயர்.

1661இல் அரசர் இரண்டாம் சார்லஸின் ஆணை வந்தபின் அத்தூக்குகள் நின்றன. நியூ ஹேவன் 1665இல் கனெக்டிகட்டோடு இணைக்கப்பட்டது. அங்கு வழக்குகள் ஜூரியின் முன் வந்தன. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1663இல், குடிமை அமைதியைக் குலைக்காத எவரும் சமயக் கருத்து வேறுபாட்டிற்காகத் துன்புறுத்தப்படலாகாது என்னும் பட்டயத்தை ரோட் ஐலண்ட் பெற்றது. அதே ஆண்டில் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில், அந்நிலத்துப் பழங்குடியினரின் மொழியில் ஜான் எலியட் பெயர்த்த முழு விவிலியம், மோசேயின் ஐந்து நூல்களோடும், அச்சேறியது.