கிந்தா மணலில் கழித்த கற்கள்: லகாட் வழியாக மணிகளின் விலை வரலாறு

ஒரு மணிக்கல்லின் விலையைக் கனிமத்தின் பெயர் தீர்மானிப்பதில்லை. பேராக்கின் லகாட் இதற்கு நல்ல சான்று. மலாயாவின் அரசுப் புவியியலாளராக 1903இல் பொறுப்பேற்ற ஜே. பி. ஸ்கிரிவனர், லகாட்டில் சுண்ணாம்புப் பாறைக்குள் குழாய்போல் இறங்கியிருந்த ஈயத் (வெள்ளீயத்) தாதுப் படிவை 1909இல் விவரித்தார். மறு ஆண்டே, லகாட் அமைந்த கிந்தா வட்டாரத்தின் டூர்மலின்–குருந்தப் பாறைகளைப் பற்றி எழுதினார். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த குருந்தத்தில் துளி குரோமியம் கலந்தால் அது மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். பர்மாவின் மோகோக்குக்கும் இலங்கையின் இரத்தினபுரிக்கும் பெயர் வாங்கித் தந்த அதே கனிமம்தான் கிந்தாவில் ஈய லம்பங்களின் (சுரங்கங்களின்) சரளையோடு உருண்டு வந்தது. ஆனால் அது ஒளி புகாத கல். பட்டை தீட்டுபவருக்கு அதில் வேலை இல்லை.

கல்லுக்குள் ஒளி எப்படிப் போய்வருகிறது என்பதை வைத்து விலை சொல்வது தமிழருக்குப் பழைய பழக்கம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடை வீதியைக் காட்டும் இடத்தில், புள்ளியும் கோடும் கறையும் காக்கையின் காலடி போன்ற கீறலும் வைரத்தின் குற்றங்களாக வருகின்றன. இன்று பத்து மடங்கு உருப்பெருக்கியில் தெளிவுத் தரம் பார்ப்பவரும் ஏறக்குறைய இவற்றையே தேடுகிறார். அந்த வீதி காணாதது உலைச் சூடு. இரத்தினபுரியில் ‘கெவுடா’ என்று ஒதுக்கப்பட்ட பால்நிறக் குருந்தங்களை 1970களில் தாய்லாந்து வணிகர்கள் மலிவாக வாங்கிப்போய்ச் சூடேற்றி நீலமாக்கினார்கள். கனிமம் அதேதான், நிறம் மாறியது, விலையும் மாறியது. சூடு படாமலே நிறம் கொண்ட கல்லுக்கு இப்போது தனி விலை உண்டு.

கிந்தாவுக்கு வருவோம். பாலோங் என்னும் நீண்ட மரச்சரிவில் சேற்றுநீர் ஓடும்போது, எடை மிகுந்த தாது குறுக்குக் கட்டைகளில் தங்கும். இலேசான மணல் நீரோடு போய்விடும். டூலாங் தட்டைச் சுழற்றி மண் அலசிய பெண்களின் கையிலும் இதுவே நடந்தது. ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சும் கனமான கறுப்பு மணல்தான் அமாங். அதில் இல்மனைட், மோனசைட், செனோடைம், சிர்கான் எல்லாம் உண்டு. இலங்கையில் சிர்கான், ‘மாத்தறை வைரம்’ என்ற பெயரில் காதிலும் விரலிலும் ஏறியது. இங்கே அது பொடிமணி. பீங்கான் தொழிலுக்காக டன் கணக்கில் விற்றார்கள். நகைக்கடையில் நாம் ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்று வாங்கும் கல் சிர்கோனியம் ஆக்சைடு. 1976 முதல் வணிக அளவில் வரும் அந்தப் படிகத்தை நிலைநிறுத்த இட்ரியம் சேர்ப்பார்கள். சிர்கோனியம் சிர்கானில் இருக்கிறது, இட்ரியம் செனோடைமில். போலி வைரத்தின் மூலப்பொருள்கள் இரண்டும் அமாங்கிலேயே கிடந்தன.

அழகும் அருமையும் மட்டுமே விலையைத் தாங்கும் என்றால் வைரத்தின் கதை வேறாகியிருக்கும். 1867க்குப் பிறகு தென்னாப்பிரிக்கா வைரத்தைக் கொட்டத் தொடங்கியது. நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லும் ‘புளூ ஜாகர்’ தோட்டின் பெயரும் அங்குள்ள ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்ததுதான். வரத்து பெருகியும் விலை விழாமல் நின்றதற்குக் காரணம், 1888இல் உருவான டி பியர்ஸ் நிறுவனம் கற்களை வாங்கிப் பூட்டி வைத்து, சந்தைக்கு அளந்து விட்டதே. 2000இல்தான் அது அந்த வழியைக் கைவிட்டது.

லகாட் மக்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. அனைத்துலக ஈய மன்றமும் 1956 முதல் இருப்புக் கிடங்கு வைத்து, விலை சரியும்போதெல்லாம் ஈயத்தை வாங்கித் தாங்கிப் பிடித்தது. 1985 அக்டோபர் 24ஆம் நாள் அதன் கையில் பணம் தீர்ந்தது. விலை ஏறத்தாழப் பாதியானது. கிந்தாவின் லம்பங்கள் வரிசையாக மூடின. தோண்டிய தாது முந்தைய நாள் இருந்த அதே தாதுதான். வாங்க நின்றவர் விலகிப்போனார். ஆய்வுக்கூட வைரம் வந்தபின் இன்று வைரச் சந்தை படும் பாட்டை, ஈயத்தின் இந்த அனுபவத்தோடு வைத்துப் படிப்பதே சரி என்பது என் துணிபு.

அமாங்கின் கடைசிக் கணக்கு மோனசைட். அதிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரிக்க, லகாட்டை அடுத்த புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. தனிமங்களுக்கு உலகச் சந்தையில் விலை இருந்தது. உடன் வந்த கதிர்வீச்சுள்ள தோரியக் கழிவு ஊருக்கு மிஞ்சியது. குடியிருப்பாளர்கள் 1985இல் வழக்குத் தொடுத்தார்கள். ஈப்போ உயர் நீதிமன்றம் 1992இல் ஆலையை நிறுத்தச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. துப்புரவுக்கு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் ஆகும் என 2011இல் செய்தி வந்தது. மோனசைட் டன்னுக்கு என்ன விலை என்று பேரம் பேசிய நாளில் இந்தத் தொகையை எவரும் சேர்த்துக் கூட்டவில்லை.