வன்னிப் பாதையும் மின்வண்டியும்

வன்னி நிலத்தின் வரலாற்றை எழுதியோர் அதன் குளங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனர். அதன் பாதைகளைப் பற்றி எழுதியது குறைவு. ஆயினும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மனிதரின் வாழ்வை நிர்ணயித்தவற்றுள் நீருக்கு அடுத்தபடியாக வருவது பாதையே. நெல் விளைந்தாலும் சந்தைக்குப் போக வேண்டும். பிரசவ வேதனையில் இருப்பவளை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கண்டி வீதியிலிருந்து விலகி உள்ளே சென்றால் கிரவல், அதற்கப்பால் வண்டித் தடம், அதற்கும் அப்பால் குளக்கட்டு. கடலோரத்தை நெருங்கினால் சக்கரம் புதையும் மணல். மாரி பிறந்துவிட்டாலோ இவை யாவும் ஒரே சேறு.

இத்தகைய பாதைகளில் நெடுங்காலம் அரசு செலுத்தியது மாட்டுவண்டி. 1905ஆம் ஆண்டளவில் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவு பெற்றது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி ஆகிய இடங்கள் கொழும்புடனும் யாழ்ப்பாணத்துடனும் இணைந்தன. எனினும் நிலையத்திலிருந்து ஊருக்குப் போக மாடே வேண்டியிருந்தது. பின்னர் குடியேற்றத் திட்டங்கள் வந்தன, காடு வெட்டிக் கழனியாயிற்று, உழவு இயந்திரம் வந்தது. அதன் பின்னால் துவிச்சக்கரவண்டியும் மோட்டார் சைக்கிளும் வந்தன. நான்கு சக்கரம் நுழைய இயலாத ஒற்றையடித் தடத்திலும் இரண்டு சக்கரம் நுழையும் என்பதே மோட்டார் சைக்கிள் வன்னியில் வேரூன்றியதற்குக் காரணம்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளுக்குப் பல பொருள்கள் செல்வது தடுக்கப்பட்டது. பெற்றோல், டீசல், சீமெந்து, உரம், வானொலிக்கான சிறு மின்கலம் என அப்பட்டியல் நீண்டது. மின்சாரமும் இல்லாமற் போயிற்று. பொருளாதாரத் தடை என்று மக்கள் பெயரிட்ட அக்காலம் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது.

வண்டி இருந்தது, அதற்கு ஊட்டும் எண்ணெய் இல்லை. கட்டுப்பாட்டுடன் கிடைத்த மண்ணெண்ணெயைக் கொண்டு பெற்றோல் எஞ்சினை ஓட்டும் வழியை வடபகுதியின் தொழிலாளர்கள் கண்டுகொண்டனர். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல விரைவில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அதனை ஊற்றினால் அது எளிதில் பற்றாது. ஆகவே அரிதாய்ச் சேமித்த சில துளி பெற்றோலைக் கொண்டு முதலில் எஞ்சினை இயக்கினர். அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புறப்படும் போது வெண்புகை எழும், எஞ்சின் இடிக்கும், கரி படிந்து உள்ளுறுப்புகள் காலத்துக்கு முன்பே தேயும். எனினும் நோயாளி வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தார்; ஆசிரியர் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதே காலத்தில் இன்னொரு காட்சியும் வீட்டு முற்றங்களிற் காணப்பட்டது. துவிச்சக்கரவண்டியைத் தாங்குகட்டையில் நிறுத்தி ஒருவர் மிதிப்பார். சக்கரத்தோடு உராய்ந்து சுழலும் டைனமோ மின்சாரம் தரும். அதில் வானொலி பேசும். சுற்றிலும் அயலவர் கூடியிருந்து செய்தி கேட்பர். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் தளரும்.

மண்ணெண்ணெய் வண்டி, டைனமோ வானொலி ஆகிய இவ்விரண்டில் முதலாவது எரிபொருளை நம்பியது. அது வெளியிலிருந்து வர வேண்டியது. இரண்டாவது ஊரிலேயே பிறந்த சக்தியை நம்பியது. மின்வண்டியின் தத்துவம் இந்த இரண்டாவதில் அடங்கியிருக்கிறது. காந்தத்தின் அருகே கம்பிச்சுருளைச் சுழற்றினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831இல் மைக்கேல் பரடே மெய்ப்பித்தார். அதே கருவிக்கு மின்சாரத்தை ஊட்டினால் அது சுழலும். டைனமோவைத் தலைகீழாக இயக்கினால் மோட்டார். முற்றத்தில் மிதித்தவர் அறிந்தோ அறியாமலோ அந்தப் பாடத்தின் முதற்பாதியைப் படித்துக்கொண்டிருந்தார்.

மின்வண்டி புதுமை என்று எண்ணுவோர் பலர். அது பெற்றோல் வண்டியினும் மூத்தது. பிரான்சிய அறிஞர் கஸ்தோன் பிளாந்தே 1859இல் ஈய மின்கலத்தை ஆக்கினார். திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய மின்கலம் அதுவே முதலாவது. 1881இல் குஸ்தாவ் துரூவே என்பவர் அதனைக் கொண்டு பாரிஸ் நகர வீதியில் மூன்று சக்கர மின்வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் பெற்றோலே வென்றது. ஈயத்தின் பாரமே அதற்குப் பெருங்காரணம். ஒரு லீற்றர் பெற்றோலில் அடங்கிய சக்தியைச் சேமிக்க ஈய மின்கலமாயின் இருநூறு கிலோவுக்கும் மேற்பட்ட சுமை வேண்டும்.

அந்தத் தடையை உடைத்தது லிதியம். விற்றிங்காம், குட்இனஃப், யோஷினோ ஆகிய மூவரின் ஆய்வுகள் வழியமைக்க, 1991இல் ஜப்பானின் சோனி நிறுவனம் லிதியம் அயன் மின்கலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. வன்னியில் வானொலி மின்கலம் கூடத் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில், உலகின் மறுபுறத்தில் மின்கலத்தின் புதிய யுகம் பிறந்திருந்தது. அம்மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1980களில் வந்த நியோடிமியக் காந்தம் மோட்டாரையும் சிறிதாக்கி வலுவாக்கிற்று.

2002இல் கண்டி வீதி திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடியது. 2009 மே மாதத்தில் பெருந்துயரோடு போர் முடிந்தது. 2013 செப்டெம்பரில் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது. எண்ணெய்ப் பஞ்சம் முடிந்தது என்று மக்கள் நம்பியிருந்த வேளையில் 2022ஆம் ஆண்டு வந்தது. இம்முறை நாடு முழுவதும் அந்நியச் செலாவணி இன்றித் தவித்தது. ஜூலையில் தொடங்கிய பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரம் 4 லீற்றர் பெற்றோலே ஒதுக்கப்பட்டது. வடபகுதி மக்கள் பழைய துவிச்சக்கரவண்டியைத் துடைத்து எடுத்தனர். மின்வண்டியைப் பற்றிய பேச்சு ஊர்தோறும் எழுந்ததும் அப்போதுதான்.

ஆகவே வன்னியின் பாதைக்கு மின் மோட்டார் சைக்கிளைத் தெரிவு செய்வோர் எதை நோக்க வேண்டும்? மோட்டார், மின்கலம், கட்டுப்படுத்தி ஆகிய மூன்றும் அதன் உயிர் உறுப்புகள். மாட்டுவண்டி கண்டவர்க்கு இவற்றை விளக்குவது எளிது. மோட்டார் மாடு, மின்கலம் வைக்கோற்போர், கட்டுப்படுத்தி மூக்கணாங்கயிறு. மாடு பெரிதாயிருந்து வைக்கோல் இல்லையேல் பயனில்லை. கயிறு அறுந்தால் இரண்டும் கெடும்.

முதலில் மாட்டை நோக்குவோம். ஓட்டுபவர் 70 கிலோ, வண்டி 80 கிலோ, பின்னால் ஒரு மூடை 50 கிலோ, ஆக 200 கிலோ எனக் கொள்வோம். ஐந்தடி செல்ல ஓரடி உயரும் குளக்கட்டில் இதனை ஏற்ற 40 கிலோ எடையைத் தூக்கும் இழுவை வேண்டும். கிரவலின் தடை மேலும் 6 கிலோ. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஏறினால் சக்கரத்தில் ஏறத்தாழ 2 கிலோவாற்று வலு தேவைப்படும். இடையில் விரயமாவதையும் சேர்த்தால், தொடர்ந்து 3 கிலோவாற்று தரவல்ல மோட்டார் போதும். விளம்பரத்தில் பெரிய எழுத்திற் காணப்படும் உச்ச வலு சில கணங்களுக்கே உரியது. தொடர் வலு எது என்று கேட்டறிய வேண்டும். சக்கரத்தின் குடத்துள் அமைந்த மோட்டார் தார் வீதிக்கு ஏற்றது. மணலில் மெதுவாகப் புதைந்து செல்லும்போது அது எளிதிற் சூடேறும். பள்ளங்களில் அதன் பாரமே சக்கரத்தை வருத்தும். வண்டியின் நடுவே அமைந்து சங்கிலியால் இழுக்கும் மோட்டாரே காட்டு வழிக்குச் சிறந்தது. பல்லுச் சக்கரத்தை மாற்றி வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டவும் அதில் இயலும்.

அடுத்தது வைக்கோற்போர். இத்தகைய வண்டி கிரவலில் ஒரு கிலோமீற்றருக்கு 40 வாற்று மணியளவும் மணலில் 100 வாற்று மணியளவும் உண்ணும். பட்டினத்துக்குப் போய் வர 40 கிலோமீற்றர், அதில் 10 மணற்பாதை எனில், 2.2 கிலோவாற்று மணி வேண்டும். ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக விட்டால், 72 வோல்ற்று, 40 அம்பியர் மணி கொண்ட மின்கலம் பொருந்தும். ஈயமாயின் இது 80 கிலோவுக்கு மேல் பாரமாகும். லிதியம் இரும்புப் பொஸ்பேற்று வகையாயின் 30 கிலோ அளவில் அடங்கும். வேறு லிதியம் வகைகள் இன்னும் இலகுவானவை. ஆனால் இரும்புப் பொஸ்பேற்று வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும், ஆயுளும் நீண்டது. வன்னியின் வைகாசி வெயிலை அறிந்தவர் அந்தச் சிறு பாரத்தைப் பொருட்படுத்தார். வோல்ற்று அளவும் முக்கியம். அதே 3 கிலோவாற்றுக்கு 72 வோல்ற்றில் 42 அம்பியர் ஓடும். 48 வோல்ற்றில் 62 அம்பியர் ஓடும். அதே கம்பியில் பிறக்கும் வெப்பமோ இரண்டே கால் மடங்காகும்.

மூன்றாவது கட்டுப்படுத்தி. மின்கலத்தின் நேரோட்டத்தை மோட்டாருக்கு வேண்டிய முறையில் மாற்றி அளந்து கொடுப்பது இதுவே. இதன் வோல்ற்று மின்கலத்துக்கு இசைய வேண்டும். இது இழுக்கும் அம்பியர், மின்கலம் தரவல்ல எல்லைக்குள் நிற்க வேண்டும். 40 அம்பியரே தரக்கூடிய மின்கலத்தோடு 80 அம்பியர் இழுக்கும் கட்டுப்படுத்தியைப் பூட்டினால், ஏற்றத்தின் நடுவே பாதுகாப்புச் சுற்று மின்னை வெட்டிவிடும். சுமையோடு வண்டி பின்னோக்கிச் சரியும். உறுப்புகளைத் தனித்தனியே மலிவாக வாங்கிப் பொருத்துவோர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேதான். நீர் புகாத உறையும் காற்றுப்படும் இடமும் இதற்கு இன்றியமையாதன. முடித்த வண்டியைப் பொது வீதியில் ஓட்டுவதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவும் வேண்டும்.

இறுதியாக ஒரு வினா எஞ்சுகிறது. மின்வண்டிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. மின்சுவரை மட்டும் நம்பிய வண்டி அன்று பெற்றோல் வண்டிக்கு அருகிலேயே நின்றிருக்கும். ஆனால் வன்னிக்கு வெயில் குறைவில்லை. கூரையில் 1 கிலோவாற்றுச் சூரியப் பலகை இருந்தால் நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 4 அலகு மின்சாரம் கிடைக்கும்; மேற்சொன்ன பயணத்துக்கு அது போதும். எனவே நான்காவது உறுப்பாகச் சூரியப் பலகையையும் எண்ணி விலை பார்ப்பதே அறிவுடைமை.

மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய தலைமுறை ஒரு பாடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. சந்தையில் விற்கும் வண்டி எது என்று அவர்கள் கேட்கவில்லை. தம் பாதை எது, தம் கைக்கு எட்டும் சக்தி எது என்றே கேட்டனர். அன்று விடை மண்ணெண்ணெயாக இருந்தது. இன்று அதே கேள்வியைக் கேட்பவருக்கு விடை தலைக்கு மேலே காய்ந்துகொண்டிருக்கிறது. முற்றத்தில் டைனமோவை மிதித்துச் செய்தி கேட்டவர்களின் பிள்ளைகளுக்கு அதனை விளங்கிக்கொள்வது அரிதாகாது.